பாட்டு இரவல், சத்தம் சொந்தம்: 1966-ன் பீனோ ஆல்பம்

இசைத்தட்டின் மேல் 'புளூஸ் பிரேக்கர்ஸ்: ஜான் மேயால் வித் எரிக் கிளாப்டன்' என்று நீளமாகப் போட்டிருக்கும், ஆனால் அதை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் அது 'பீனோ ஆல்பம்'தான். அட்டைப்படத்தில் கிறுக்கல்கள் நிறைந்த ஒரு சுவருக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், மூன்று பேர் ஒழுங்காகக் காட்சி தர, கிட்டார்காரர் கிளாப்டன் மட்டும் 'பீனோ' என்ற சிறுவர் காமிக்ஸை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார். படம் எடுப்பது பிடிக்காமல், ஒத்துழைக்கக் கூடாது என்றே அப்படிச் செய்ததாகப் பிற்பாடு சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்போது அவருக்கு 21 வயது.

1966 ஜூலை 22-ல் டெக்கா கம்பெனி வெளியிட்ட இந்த எல்பியில் 12 பாட்டு. அதில் ஏழு அமெரிக்கர்களுடையவை: ஓடிஸ் ரஷ், ஃபிரெடி கிங், ரே சார்ல்ஸ், மோஸ் அலிசன், ராபர்ட் ஜான்சன், மெம்ஃபிஸ் ஸ்லிம், லிட்டில் வால்டர். மோஸ் அலிசன் ஒருவரைத் தவிர மற்ற ஆறு பேரும் கறுப்பினத்தவர். மீதி ஐந்து பாட்டு குழுத் தலைவரும் பாடகருமான மேயால் பெயரில் இருக்கின்றன, ஒன்றில் கிளாப்டனுக்கும் பங்கு, ஆனால் அவையும் அதே அச்சில் வார்த்தவைதான். அப்படியானால் லண்டன்காரர்கள் இதில் சொந்தமாக என்னதான் சேர்த்தார்கள்? என்னைக் கேட்டால் சத்தத்தைச் சேர்த்தார்கள். பாட்டில் புதிதாக ஒன்றும் இல்லை, பாடியவிதத்தில் கூட இல்லை (மேயாலின் மெல்லிய, உயர்ந்த குரல் பலருக்கு இன்றுவரை ஒட்டவில்லை, எனக்கும்தான்). கிட்டார் ஒலி மட்டும் அதுவரை எந்த இசைத்தட்டிலும் அந்த மாதிரி இருந்ததில்லை. அது எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1950-களின் பிரிட்டனில் புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) என்றால் கிராமத்து வயசாளி ஒருவர் மரக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு துயரமாகப் பாடுவது என்றுதான் ஜாஸ் ரசிகர்கள் நினைத்திருந்தார்கள். பிக் பில் பிரூன்சி அங்கே போனபோது அந்த எதிர்பார்ப்புக்குத் தகுந்த மாதிரியே வாசித்துவிட்டு வந்தார், உண்மையில் அவர் சிகாகோவில் பெரிய பேண்டுகளோடு வாசித்த நகரத்து ஆள். 1958-ல் மட்டி வாட்டர்ஸ் வந்தார். அழைத்தவர் டிராம்போன் கலைஞர் கிரிஸ் பார்பர். மட்டி கையில் மின்சாரக் கிட்டார், கூடவே பியானோவுக்கு ஓடிஸ் ஸ்பான். சிகாகோ சாராயக்கடைகளில் எப்படி வாசிப்பாரோ அப்படியே வாசித்தார், பழைய ரசிகர்களில் பலர் சத்தம் தாங்காமல் முகம் சுளித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1963-ல் அவர் மறுபடி வந்தபோது, சரி இவர்களுக்குப் பிடித்தபடியே செய்வோம் என்று மரக் கிட்டாரோடு வந்து இறங்கினார். இந்த ஐந்து வருடத்தில் ரசிகர் கூட்டமே மாறிவிட்டிருந்தது, புதிதாக வந்திருந்த இளவட்டங்கள் மின்சாரக் கிட்டார் எங்கே என்று தேடினார்கள்.

அந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம் இரண்டு பேர், அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும். 1962 மார்ச் 17-ல் லண்டனின் மேற்கே ஈலிங் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடைக்கு அடியில் இருந்த நிலவறையில் தங்கள் 'புளூஸ் இன்கார்ப்பரேட்டட்' குழுவை வைத்து ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். பிற்பாடு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கிய மிக் ஜாக்கரும் கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸைச் சந்தித்தது அங்கேதான். அதே வருடம் நவம்பரில் வெளிவந்த கோர்னரின் 'ஆர் அண்ட் பி ஃபிரம் த மார்க்கீ' ஆல்பத்தைத்தான் பிரிட்டிஷ் ரிதம் அண்ட் புளூஸின் முதல் எல்பி என்று பொதுவாகச் சொல்வார்கள். மார்க்கீ கிளப் பெயர் தலைப்பில் இருக்கிறதே தவிர, பதிவு செய்தது டெக்காவின் ஸ்டூடியோவில். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாலு வருடம் இந்த இசை முழுக்கவும் இந்தச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. கிளப்பில் வியர்வையும் சத்தமுமாக நடக்கிற ஒன்று, ஸ்டூடியோவுக்குள் போனதும் சலவை செய்து மடித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

இதற்குச் சுற்றுவழியாக நேரடி நிகழ்ச்சிகளையே எல்பியாகப் போட்டார்கள். ஜார்ஜி ஃபேம் ஃபிளமிங்கோ கிளப்பில் பதிவு செய்தார், யார்ட்பேர்ட்ஸ் மார்க்கீயில் பதிவு செய்தார்கள் (அதில் கிட்டார் நம்ம கிளாப்டன்தான்). மேயாலின் முதல் ஆல்பமும் அப்படித்தான். 1964 டிசம்பரில் கிளூக்ஸ் கிளீக் என்ற கிளப்பில் நடந்த கச்சேரி அது. வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் ரயில்வே ஹோட்டலில் இருந்த அந்த கிளப்புக்குப் பக்கத்துக் கட்டடமே டெக்கா ஸ்டூடியோ. ஆகவே கிளப்பிலிருந்து கேபிளை இழுத்துப் பக்கத்து ஸ்டூடியோவின் கருவிகளில் செருகிப் பதிவு செய்துவிட்டார்கள்! ஐடியா பிரமாதம், விற்பனை மோசம். டெக்கா மேயாலைக் கைகழுவியது.

மேயாலைப் பற்றி இரண்டு வார்த்தை. 1933-ல் மாக்கிள்ஸ்ஃபீல்டில் பிறந்தவர், கட்டாய ராணுவ சேவையில் கொரியா போனவர், மான்செஸ்டரில் ஓவியக் கல்லூரியில் படித்து விளம்பர வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். சிறுவயதில் வீட்டுத் தோட்டத்து மரத்தின் மேல் தானே குடில் கட்டி அதில் வாழ்ந்த விசித்திரப் பிறவி. கோர்னரின் பேச்சைக் கேட்டு 1963-ல் லண்டன் வந்தபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த உலகத்தில் அது கிழட்டு வயது. அவர் பெரிய பாடகரும் இல்லை, பெரிய வாசிப்பாளரும் இல்லை. ஆனால் காது இருந்தது, வீடு முழுக்க இசைத்தட்டு இருந்தது, யாரை எங்கே நிறுத்தினால் என்ன வரும் என்று தெரிந்திருந்தது. பேஸ் வாசித்த ஜான் மெக்வீ வரி அலுவலகத்தில் பயிற்சியில் இருந்த பையன். குடித்துவிட்டு வருகிறான் என்று மேயால் அவரைப் பலமுறை வேலையை விட்டு அனுப்பிப் பலமுறை திரும்பக் கூப்பிட்டார். டிரம்ஸுக்கு ஹியூயி ஃபிளின்ட்.

கிளாப்டன் வந்து சேர்ந்தது 1965 ஏப்ரலில். யார்ட்பேர்ட்ஸ் 'ஃபார் யுவர் லவ்' என்ற பாப் பாட்டைப் பதிவு செய்ததும், இது நான் வந்த வேலை இல்லை என்று வெளியேறிவிட்டார். அந்தப் பாட்டு பெரிய ஹிட் ஆனது, அவர் கவலைப்படவில்லை. மேயால் வீட்டிலேயே தங்கிக்கொண்டு அந்த இசைத்தட்டுக் குவியலுக்குள் முங்கிக் கிடந்தார். ஆகஸ்டில் திடீரென்று நண்பர்களோடு உலகம் சுற்றுகிறேன் என்று கிளம்பி கிரீஸ் வரை போனார், நவம்பரில் திரும்பி வந்தார். அந்த இடைவெளியில் கொஞ்ச நாள் கிட்டார் வாசித்த பீட்டர் கிரீன் என்ற இளைஞரை மேயால் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு கிளாப்டனை மறுபடி சேர்த்துக்கொண்டார். லண்டன் இஸ்லிங்டன் பகுதியில் யாரோ ஒருவர் சுவரில் 'கிளாப்டன்தான் கடவுள்' என்று எழுதி வைத்த காலம் இதுதான். அந்தச் சுவரின் முன்னால் ஒரு நாய் காலைத் தூக்கிக்கொண்டிருக்கிற புகைப்படம் கடவுளை விடப் பிரபலம்.

இரண்டாவது ஆல்பத்தையும் நேரடிப் பதிவாகத்தான் போட நினைத்தார் மேயால், கிளாப்டனின் தனிவாசிப்பைக் கிளப்பில் பிடித்தால்தான் உண்டு என்று. ஃபிளமிங்கோவில் பதிவும் செய்தார்கள், பேஸுக்கு ஜாக் புரூஸ். ஒலித்தரம் தேறவில்லை, தூக்கிப் போட்டாகிவிட்டது. வேறு வழியில்லாமல்தான் 1966-ல் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் ஸ்டூடியோவுக்கே போனார்கள். (1962 புத்தாண்டு அன்று பீட்டில்ஸைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பினார்களே, அதே ஸ்டூடியோ.) டெக்காவை மறுபடி மேயாலுக்கு இடம் கொடுக்கச் சம்மதிக்க வைத்தவர் மைக் வெர்னன், அங்கே வேலை பார்த்துக்கொண்டே நண்பரோடு 'ஆர் அண்ட் பி மன்த்லி' என்று ஒரு சிறுபத்திரிகை நடத்திய புளூஸ் பைத்தியம். தயாரிப்பாளர் அவர், ஒலிப்பொறியாளர் கஸ் டட்ஜன். பிற்பாடு டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யையும் எல்டன் ஜானின் பெரிய ஆல்பங்களையும் தயாரித்த அதே டட்ஜன்தான்.

அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கம் என்னவென்றால், கிட்டார் ஆம்பின் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) சத்தத்தைக் குறைத்து வைத்து, மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அப்போதுதான் ஒரு வாத்தியத்தின் ஒலி இன்னொன்றின் மைக்கில் கசியாது. கிளாப்டன் முடியாது என்றார். கிளப்பில் எவ்வளவு சத்தத்தில் வாசிக்கிறேனோ அவ்வளவில்தான் வாசிப்பேன், மைக்கைத் தள்ளி வையுங்கள். டட்ஜனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 21 வயதுப் பையனின் பிடிவாதம் என்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அதில் ஒரு தொழில்நுட்ப நியாயம் இருந்தது.

அந்தக் காலத்து ஆம்ப் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வுகளில் ஓடுவது, அது ஒரு அளவுக்கு மேல் தாங்காது. கிட்டாரிலிருந்து வருகிற சிக்னல் அந்த அளவைத் தாண்டும்போது ஒலி அலையின் உச்சிகள் மழுங்கித் தட்டையாகிவிடும். குழாய் ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைத்தால் பாடகர் குரல் கரகரவென்று உடையுமே, அடிப்படையில் அதே சமாசாரம், ஆனால் வால்வில் உடைவது கர்ணகடூரமாக இல்லாமல் கொஞ்சம் வழவழப்பாக, கூடுதல் ஸ்வரச் சாயல்களோடு உடையும். இன்னொன்றும் நடக்கும். உச்சி ஏற முடியாமல் நின்றுவிடுவதால், தந்தியை மீட்டிய முதல் நொடியின் சத்தத்துக்கும் அது அடங்கிவரும் நேரத்துச் சத்தத்துக்கும் வித்தியாசம் குறைந்துவிடுகிறது, அதனால் ஸ்வரம் சட்டென்று சாகாமல் வயலின் மாதிரி நீண்டு நிற்கும். போதாக்குறைக்கு, ஸ்பீக்கரின் சத்தமே காற்று வழியாகத் திரும்பி வந்து கிட்டார் தந்தியை அதிர வைத்து ஸ்வரத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்த மூன்றும் நடக்க வேண்டுமானால் ஆம்ப் நிஜமாகவே அலற வேண்டும். குறைத்து வைத்துப் பதிவு செய்துவிட்டுப் பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம் என்ற கதையெல்லாம் நடக்காது. சத்தத்தைக் குறைத்தால் ஒலியின் குணமே போய்விடும் என்பது கிளாப்டனுக்குக் காதில் தெரிந்திருந்தது.

கருவிகளும் சரியாக அமைந்தன. ஜிம் மார்ஷல் என்பவர் லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்தவர், டிரம்ஸ் வாத்தியாரும் கூட. அமெரிக்க ஃபெண்டர் ஆம்புகள் விலை கட்டுப்படியாகவில்லை என்று கடைக்கு வந்த பையன்கள் புலம்ப, ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் சுற்றை அடிப்படையாக வைத்து பிரிட்டனில் கிடைத்த பாகங்களைப் போட்டுத் தன் ஆட்களைக் கொண்டு ஆம்ப் செய்ய ஆரம்பித்தார். பாகங்கள் வேறானதால் ஒலியும் வேறானது, இன்னும் கரடுமுரடாக. கிளாப்டன் வாசித்தது அதில் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் ஒரே பெட்டிக்குள் இருக்கிற மாடல், கார் டிக்கியில் வைக்கிற மாதிரி வேண்டும் என்று அவர் கேட்டுச் செய்ததாக ஒரு கதை உலவுகிறது. மாடல் எண் 1962. வருடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெறும் எண். இந்த ஆல்பத்துக்குப் பிறகு அந்த ஆம்பின் பெயரே 'புளூஸ்பிரேக்கர்' என்று ஆகிவிட்டது.

கிட்டார் கிப்சன் லெஸ் பால். சேரிங் கிராஸ் ரோடு கடை ஒன்றில் பழையதாக வாங்கியது, காரணம் ஃபிரெடி கிங் ஒரு எல்பி அட்டையில் லெஸ் பால் பிடித்துக்கொண்டிருந்ததுதான். அந்த வகையில் ஒவ்வொரு பிக்கப்பிலும் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுகிற பாகம்) இரண்டு சுருள்கள் எதிரெதிராகச் சுற்றியிருக்கும், மின்சார இரைச்சலை அடித்துவிட்டு ஒற்றைச் சுருளைவிட வலுவான சிக்னலைத் தரும், ஆம்பைத் திணறடிக்கத் தோதானது. ஆனால் 1966-ல் லெஸ் பால் சந்தையில் செத்துப்போன மாடல். கனம் அதிகம், விற்பனை இல்லை. 1958 முதல் 1960 வரை கிளாப்டனுடையதைப் போன்ற 'சன்பர்ஸ்ட்' வண்ணத்தில் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே செய்து நிறுத்திவிட்டு, கிப்சன் வேறு வடிவத்துக்குப் போய்விட்டது. இந்த எல்பி வந்தபிறகு பிரிட்டன் முழுக்கப் பையன்கள் பழைய லெஸ் பாலைத் தேடி அலைந்தார்கள், 1968-ல் கிப்சன் மறுபடியும் உற்பத்தியைத் தொடங்கியது. மிச்சமிருக்கிற அந்தப் பழைய கிட்டார்கள் இன்று லட்சக்கணக்கான டாலர் போகின்றன. கிளாப்டனுடையது அதே 1966-ல் ஒத்திகை நேரத்தில் திருடு போனது.

இனி ஆல்பத்துக்குள். முதல் பாட்டு ஓடிஸ் ரஷ்ஷின் 'ஆல் யுவர் லவ்'. கிட்டாரின் அந்த முதல் வரியிலேயே விஷயம் தெரிந்துவிடும், அமுங்கிய, கொழுத்த ஒலி. நடுவில் பாட்டு ஒரு கணம் நின்று, சட்டென்று துள்ளல் நடைக்கு மாறி, மறுபடி பழைய நடைக்கு இறங்கும். அமைப்பு முழுக்க ரஷ் 1958-ல் செய்ததுதான், ஸ்வரக் கோவைகளும் ஏறக்குறைய அங்கிருந்து எடுத்ததுதான், ஆனால் ரஷ்ஷின் கிட்டார் சிலிர்க்கிற இடத்தில் கிளாப்டனின் கிட்டார் உறுமுகிறது. அடுத்தது 'ஹைட்அவே', ஃபிரெடி கிங்கின் வாத்திய இசை, அந்த நாளில் பிரிட்டனின் எந்த கிட்டார்காரருக்கும் இது ஒரு பரீட்சை.

'டபுள் கிராசிங் டைம்' பின்னால் ஒரு சின்ன வன்மம் உண்டு. குழுவில் கொஞ்ச நாள் பேஸ் வாசித்த ஜாக் புரூஸ், அதிகப் பணம் தருகிறார்கள் என்று மான்ஃபிரட் மேன் குழுவுக்குத் தாவிவிட்டார். அந்தக் கடுப்பில் மேயாலும் கிளாப்டனும் சேர்ந்து எழுதியது இது, முதலில் தலைப்பிலேயே 'மேன்' இருந்தது. துரோகி என்று சாடிப் பாட்டு எழுதிய கிளாப்டன் அதே ஜாக் புரூஸோடு சேர்ந்து வேறு குழு தொடங்க அதிக நாள் ஆகவில்லை, அந்தக் கதையைப் பிற்பாடு சொல்கிறேன்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே'யில் நீளமாக ஒரு டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் வருகிறது, கிளப்பில் ஜனங்கள் பீர் வாங்கப் போகிற நேரம் அது. பாவம் ஃபிளின்ட், நல்ல டிரம்மர்தான், ஆனால் எல்பியில் அது இடத்தை அடைத்துக்கொள்கிறது. கடைசியில் குறும்பாக பீட்டில்ஸின் 'டே டிரிப்பர்' மெட்டை உள்ளே செருகுகிறார்கள், அது மட்டும் சுவாரசியம். 'அனதர் மேன்' வெறும் குரல், ஹார்மோனிகா, கைத்தட்டல். மேயாலின் ஹார்மோனிகா அவர் குரலைவிட நன்றாகப் பாடும். 'ராம்ப்ளின் ஆன் மை மைண்ட்' ராபர்ட் ஜான்சன் 1936-ல் பதிவு செய்தது, இதில் பாடுவது கிளாப்டன், முழுப்பாட்டும் அவர் பாடி வெளிவந்த முதல் பதிவு. தயக்கம் அப்படியே கேட்கிறது, ஆனால் கட்டிச் சேர்த்த கெத்து எதுவும் இல்லாததால் எனக்கு அது பிடிக்கும்.

ஒரே ஒரு பாட்டுத்தான் கேட்க நேரம் இருக்கிறது என்றால் 'ஹாவ் யூ ஹெர்ட்' கேளுங்கள். கிட்டத்தட்ட ஆறு நிமிடம். ஆலன் ஸ்கிட்மோரின் சாக்சஃபோனோடு நிதானமாக ஆரம்பிக்கிறது, மேயால் தன் பாணியில் புலம்பிக்கொண்டு போகிறார், பின்னால் காற்று வாத்தியங்கள் மெதுவாக அணைகட்டுகின்றன. பாதி தாண்டியபிறகு கிளாப்டன் உள்ளே வருகிறார் பாருங்கள், வருகிறார் என்பதுகூட தப்பு, கதவை உதைத்துக்கொண்டு நுழைகிறார். ஒரு ஸ்வரத்தை இழுத்து, அது சாகப்போகிற இடத்தில் தந்தியை நடுங்கவிட்டு, ஆம்ப் அதைப் பிடித்துத் தொங்க, உடனே சரசரவென்று நாலைந்து ஸ்வரங்களை வாரி இறைத்துவிட்டு மறுபடி ஒன்றில் போய் நிற்கிறார். நான் மேலே விளக்கிய வால்வு, பிக்கப், தள்ளிவைத்த மைக் எல்லாம் எதற்காக என்று அந்த ஒன்றரை நிமிடத்தில் விளங்கிவிடும். அந்த ஸ்வரங்கள் பெரும்பாலும் பி.பி. கிங், ஃபிரெடி கிங், பட்டி கை ஆகியோரிடம் கற்றவைதான். ஆனால் அவர்களுடைய அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் கிட்டார் பாடகருக்குப் பதில் சொல்கிற இரண்டாவது குரலாகத்தான் பெரும்பாலும் இருந்தது. இங்கே அது பாடகரை ஓரங்கட்டிவிட்டது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்பது வேறு கேள்வி. அடுத்த பத்து வருடத்தில் ராக் இசையில் வந்த முடிவே இல்லாத கிட்டார் தனி ஆவர்த்தனங்களுக்கெல்லாம் இந்த இடத்தையும் ஒரு காரணமாகச் சொல்லலாம், அவற்றில் பாதி வராமலே இருந்திருக்கலாம்.

பெரிய விளம்பரம் இல்லை, ஹிட் சிங்கிள் எதுவும் இல்லை, ஆனாலும் எல்பி பிரிட்டன் பட்டியலில் ஆறாம் இடம் வரை ஏறியது. அதற்குள் அட்டையில் பெயர் போட்டிருந்த கிட்டார்காரர் குழுவில் இல்லை! அவர் புதுக் குழு தொடங்குகிற செய்தி ஜூனிலேயே 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் கசிந்துவிட்டது. ஜூலை 22 ஆல்பம் வெளியீடு, ஜூலை 30 இங்கிலாந்து கால்பந்து உலகக் கோப்பையை வென்ற நாள், ஜூலை 31 வின்ட்சர் விழாவில் கிளாப்டன், டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர், அப்புறம் அந்த 'துரோகி' ஜாக் புரூஸ் மூவரும் 'கிரீம்' என்ற பெயரில் மேடையேறினார்கள்.

மேயால் அசரவில்லை. சத்தமில்லாமல் அனுப்பிய பீட்டர் கிரீனையே திரும்பக் கூப்பிட்டார், 1967-ல் 'எ ஹார்ட் ரோட்' வந்தது, கிரீனின் வாசிப்பு கிளாப்டனைவிட மேல் என்று சொல்கிறவர்கள் உண்டு, சில நாட்களில் நானும் அந்தக் கட்சிதான். அப்புறம் கிரீன் போய் ஃபிளீட்வுட் மேக் தொடங்கினார், குழுப் பெயரில் இருக்கிற 'மேக்' நம்ம மெக்வீதான். அடுத்து வந்த மிக் டெய்லர் 1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸுக்குப் போனார். மேயால் தொடர்ந்து ஆள் எடுத்துக்கொண்டே இருந்தார். 2024-ல் 90 வயதில் இறந்தார், தேதி ஜூலை 22, ஆல்பம் வெளிவந்த அதே தேதி.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆல்பத்தின் முதல் பாட்டுக்குச் சொந்தக்காரரான ஓடிஸ் ரஷ் பெயரில் 1966-ல் ஒரு தனி எல்பிகூடக் கிடையாது. அவர் பதிவு செய்த கோப்ரா கம்பெனி 1959-ல் மூடிப்போனது, முதல் சொந்த ஆல்பம் வர 1969 ஆனது. லண்டன் பையன்கள் திருடினார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம்தான், ஆனால் இசைத்தட்டில் எழுதியவர் பெயரைப் போட்டார்கள், யாரிடம் கற்றோம் என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னார்கள். அதனால் மூலக் கலைஞர்களுக்குப் புதிய கூட்டமும் கிடைத்தது. ஃபிரெடி கிங் 1967 முதல் பிரிட்டனில் சுற்றுப்பயணம் போனார், 1974-ல் வந்த அவருடைய 'பர்க்ளர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் இதே மைக் வெர்னன், அதில் ஒரு பாட்டில் கிளாப்டனும் வாசித்திருக்கிறார். அமெரிக்க இசைத்தொழில் தன் வீட்டிலேயே இருந்தவர்களை ஏன் அத்தனை வருடம் கண்டுகொள்ளவில்லை என்ற கேள்வியை மேயாலிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

கேட்கப்போகிறவர்களுக்கு: இந்த எல்பி முதலில் வந்தது மோனோவில். ஸ்டீரியோ வடிவமும் கிடைக்கிறது, ஆனால் எல்லா வாத்தியமும் ஒரே இடத்திலிருந்து முட்டிமோதிக்கொண்டு வருகிற மோனோவைத் தேடிக் கேளுங்கள். முதலில் ஓடிஸ் ரஷ்ஷின் 'ஆல் யுவர் லவ்' மூலப்பதிவை ஒரு தடவை போட்டுவிட்டு அதற்குப் பிறகு இதைப் போடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இல்லாவிட்டால்.